அடைத்த பல்லுக்குள் புழு

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடாதே, அடைத்துக்கொண்டு வா என்று மேட்ரனம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

விழுப்புரத்தில் இருந்த அந்தப் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் நர்சு உதவியாளர் பயிற்சிக்கு வருஷத்துக்கு ஒரு சில பெண்களைத்தான் எடுப்பார்கள். 1958ஆம் வருஷம் எடுத்தவர்களில் திண்டிவனத்து லூர்துமேரி ஒருத்தி. எட்டாவது தேறியவள். அவளை நிறுத்து எடை பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. கீழ்வரிசையில் இடப்பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் மட்டும் கறுப்பாக ஒரு குழி. சொத்தைப் பல்லோடு வருகிறவர்களை அங்கே சேர்ப்பதில்லை. ஜூன் முதல் தேதி பெட்டியோடு வந்து சேரவேண்டும், அதற்குள் பல்லைச் சரிசெய்துகொள்ளவேண்டும் என்று உத்தரவானது.

"கெட்டுப்போனத்த புடுங்கிப் போடாம, அது மேல பூசிக்கினு வரச் சொல்றாங்களே, இது இன்னா கூத்து?" என்று கேட்டாள் அம்மா வீரம்மாள்.

"பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்" என்றான் அப்பா ராயப்பன். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்குகிறவன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினான்.

பல் டாக்டர் வேங்கடேசனின் அறையில் தையல் மெஷினைப் போலக் காலால் மிதிக்கிற ஓர் எந்திரம் இருந்தது. அவர் முதலில் ஈறில் ஊசி போட்டார். பிறகு மிதிக்கத் தொடங்கினார். மேலே கயிறு ஓட ஓட, வாய்க்குள் சின்ன முள் ஒன்று சுழன்று பல்லைக் குடைந்தது. கருகிய எலும்பு வாடை வந்தது. சொத்தை முழுவதும் போகும்வரை குடைந்துவிட்டு, கண்ணாடிக் கல்வத்தில் வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் போட்டு அரைத்தார். அரைத்ததைத் துணியில் வைத்துப் பிழிந்தார். பிழிந்து கிடைத்த களியைக் குழியில் வைத்து அழுத்தினார். லூர்துமேரி கண்ணை மூடிக்கொள்ளவே இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் தானும் இப்படி வெள்ளைத்துணியும் கிண்ணமும் உள்ள அறையில் நிற்கப்போகிறவள்தானே என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள்.

"கடிச்சுப் பாரு. புதுசா வெச்சது மத்தப் பல்லுக்கு முந்தி இடிக்குதா?"

கடித்தாள். இடப்பக்கத் தாடை மரக்கட்டையாக இருந்தது. உதடு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. தெரியலீங்க என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். டாக்டர் அதற்குள் கையைக் கழுவிக்கொண்டு, திரைக்கு அப்பால் காத்திருந்தவர்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"சரியா இருக்குதுங்க" என்றான் கதவோரம் நின்றிருந்த ராயப்பன், தன் பல்லையே கடித்துப் பார்த்தவன் போல.

"சரிங்க" என்றாள் அவளும்.

ராயப்பன் அந்தச் சொல்லைச் சொல்லாத நாள் கிடையாது. மூட்டையை அந்த மூலையில் போடு என்று மண்டிக்காரர் சொன்னாலும் சரிங்க, போட்டதை எடுத்து இந்த மூலையில் போடு என்றாலும் சரிங்க. அதில் அவனுக்கு மானக்குறைவு ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சொல்லை வைத்துத்தான் குடும்பம் நடந்தது. மகளும் பேசப் பழகியபோதே அதையும் சேர்த்துப் பழகியிருந்தாள்.

வாய் கொப்பளிக்க அவளைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது டாக்டர் எதையோ சொல்லி முடித்துக்கொண்டிருந்தார். அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு ராயப்பன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் கேட்டாள்.

"டாக்டரு இன்னா சொன்னாருப்பா?"

"இன்னிக்கு அந்தப் பக்கம் மெல்லாதன்னாரு. வெள்ளி இறுகணுமாம்."

"அவ்ளோதானா?"

"ஜில்லு தண்ணி பத்தி ஒண்ணு சொன்னாரு. கடிக்கிறது பத்தியும் ஒண்ணு சொன்னாரு. ஜல்தியா சொல்லிக்கினே போனாரும்மா. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"நீ திருப்பிக் கேக்கலியா?"

"வெளியில எத்தினி பேரு குந்திக்கினு இருந்தாங்க பாத்தியா? நான் நின்னு கேட்டுக்கினு இருந்தா அவங்களுக்குப் பேஜாரு இல்லியா?"

மறுநாள் மரப்பு தெளிந்தது. வாயை மூடினால் அந்த ஒரு பல்தான் முதலில் போய் மோதியது. மற்ற பற்கள் ஒன்றோடொன்று தொடவே இல்லை. கேப்பைக் கூழை விழுங்கினால்கூடத் தாடை சேரும்போது இடி இடித்தது. தண்ணீர் பட்டால் கூசியது. நாளுக்கு நாள் வலி கூடியது. நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டு தூங்கப் பழகினாள்.

"விழுப்புரம் போயி காட்டலாம்பா" என்று ஒரு தடவை சொன்னாள்.

ராயப்பன் வெகுநேரம் தலையைச் சொறிந்தான். "சரியா இருக்குதுன்னு நம்ம வாயால சொல்லிட்டு வந்துட்டோம். இப்பப் போயி சரியில்லன்னா, அவரு வேலைய நாம கொற சொல்றாப்பல ஆவாதா? கோவிச்சுக்குவாரு. அவரு மேட்ரனம்மாகிட்ட எதுனா சொல்லி வெச்சா?"

அது லூர்துமேரிக்கும் நியாயமாகத்தான் பட்டது. சரிங்க என்று சொன்னவள் அவள்தான். இடம் கையை விட்டுப் போய்விடக்கூடாது. வலி தானாகப் போய்விடும் என்று இருந்தாள்.

வீரம்மாள் அப்படிச் சும்மா இருக்கவில்லை. மண்டியில் மல்லாட்டை உடைக்கும் பெண்களிடம் விசாரித்துவிட்டு வந்தாள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்களாம்.

"உள்ள இருந்த புழுவ எடுக்காம மேல வெள்ளிய வெச்சு மூடிட்டான் அந்த ஆளு. அதுக்கு வெளிய வர வழியில்ல. கொடையுது. வலிக்காம இன்னா பண்ணும்?"

"பல்லுல புழு இருக்காதும்மா. பள்ளிக்கூடத்துல டீச்சர் சொன்னாங்க."

"உங்க டீச்சரு பல்லா வலிக்குது?"

லூர்துமேரி கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டாள். பேசுவதற்கே தாடை ஒத்துழைக்கவில்லை.

சந்தையன்று புளியமரத்தடியில் கடை போடுகிற முனியம்மாளை வீரம்மாள் வீட்டுக்கே அழைத்து வந்தாள். பல்லிலிருந்து புழு எடுப்பதில் முனியம்மாளுக்குச் சுற்றுவட்டாரத்தில் பெரிய பேர். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் அவளிடம் வரிசையில் நின்று எடுத்துக்கொள்வார்கள். அவள் லூர்துமேரியின் வாயைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி பொண்ணே, வெள்ளிய வாயில போட்டுக்கினு இருக்கிற? கொலுசு போடக் காலு இல்லியா?"

"சீக்கிரம் எடு ஆயி. மூணாம் நாளு நர்சு வேலைக்குப் போற பொண்ணு" என்றாள் வீரம்மாள்.

"புகை உள்ள போவணும், அப்பத்தான் புழு எறங்கும். கதவ இழுத்துச் சாத்திட்டு, உள்ள இருக்கிற எலிய வெரட்டச் சொன்னா எப்படி? மொதல்ல அத்தப் பேக்கணும்."

ராயப்பன் வாசலில் நின்றான். லூர்துமேரி அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள். நீயே சொல் என்பது போல அவன் அவளைப் பார்த்தான். மூன்று நாளில் பெட்டியோடு போய் நிற்கவேண்டும். இந்த வலியோடு வாயைத் திறந்து காட்டினால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாள். ஒருவேளை டீச்சர் சொன்னது எல்லாப் பல்லுக்கும் பொருந்தாதோ என்றும் நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

கோணி ஊசியை வெள்ளியின் ஓரத்தில் வைத்து, சின்னக் கல்லால் முனியம்மாள் தட்டினாள். வெள்ளி லேசில் பெயரவில்லை. நாலைந்து தட்டுக்குப் பிறகு 'டக்' என்று ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்டது. வெள்ளி வந்தது. அதோடு பல்லின் ஒரு பக்கச் சுவரும் வந்தது.

"பாத்தியா, புழு எப்படிப் புடிச்சு வெச்சிருக்குது" என்றாள் முனியம்மாள்.

காய்ந்த கண்டங்கத்திரி விதையைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் போட்டாள். எழும்பிய புகையை ஒரு குழாய் வழியாக வாய்க்குள் விட்டாள். கீழே தண்ணீர்ச் சட்டி. லூர்துமேரிக்குக் கண்ணும் மூக்கும் எரிந்தன, எச்சில் கொட்டியது. இருமி நிமிர்ந்தபோது முனியம்மாள் சட்டியைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீரில் வெள்ளையாக, நூல்நுனி போல, இரண்டு மூன்று மிதந்தன.

வீரம்மாள் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாள். "எம்மா நாளா எம்பொண்ண தின்னுக்கினு இருந்துது பாரு!" தெருப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். லூர்துமேரியும் பார்த்தாள். நன்றாக, குனிந்து பார்த்தாள். பிறகு வாயை மூடினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. எதுவும் இடிக்கவில்லை. அன்றைக்குச் சோறு மென்று தின்றாள். டீச்சருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

அந்தச் சந்தோஷம் ஒரு பொழுதுதான். மறுநாளே தாடை வீங்கத் தொடங்கியது. பெட்டியோடு புறப்பட வேண்டிய நாளில் கண்வரை வீக்கம் ஏறி, காய்ச்சல் அனலாக அடித்தது, வாயை விரலளவுகூடத் திறக்க முடியவில்லை. ராயப்பன் யாரையும் கேட்காமல் மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு விழுப்புரத்துக்கு ஓடினான்.

டாக்டர் வேங்கடேசன் ஊசி போட்டு, வீக்கத்தைத் தணித்து, இரண்டாம் நாள் மிச்சமிருந்த பல்லைப் பிடுங்கினார். பிடுங்கும்வரை பொறுமையாக இருந்தவர் பிறகு வெடித்தார்.

"நான் உன்கிட்ட என்னய்யா சொல்லி அனுப்பினேன்? ஜில்லுன்னு பட்டா ஒரு வாரம் பத்து நாள் கூசும், அது தானா போயிடும், பயப்படாதேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"கடிச்சா வலிச்சுதுன்னா, வெச்சது ஒசரமா நிக்குதுன்னு அர்த்தம், உடனே கூட்டிக்கிட்டு வான்னு சொன்னேனா இல்லியா? மரத்துப்போன வாய்க்கு அன்னைக்குத் தெரியாது, மறுநாள்தான் தெரியும்னேனே!"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன் வரல?"

"உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னுதாங்க."

டாக்டர் கையிலிருந்த குறட்டைத் தட்டில் போட்டார். பிறகு புழுவைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். அது புழு அல்ல, கண்டங்கத்திரி விதைக்குள் இருக்கிற முளை, சூடு பட்டால் பிதுங்கி வெளியே விழும் என்று விளக்கினார்.

"சரிங்க" என்றான் ராயப்பன். அவன் அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை என்பது லூர்துமேரிக்குத் தெரிந்தது. கண்ணால் பார்த்த புழுவை ஒருவர் வந்து விதை என்றால் எப்படி நம்புவது? ஆனால் பெரியவர் சொல்கிறார்.

அவள் வாயில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு டாக்டரிடம் கேட்டாள். ஒசரமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கறுப்பு எதுவும் மிச்சம் இல்லாமல்தான் அடைத்தீர்களா? அடைத்த பல் மறுபடி கெடுமா? டாக்டர் அவளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். மைத்தாளைக் கடிக்கச் சொல்லி, மை அதிகம் பட்ட இடத்தை லேசாகத் தேய்த்துவிடுவேன் என்றார். சொத்தையை மிச்சம் வைத்து அடைப்பதில்லை என்றார். பல் துலக்காமல் விட்டால், அடைத்ததைச் சுற்றி மறுபடி கெடும் என்றார். இதையெல்லாம் அன்றைக்கே கேட்டிருக்கலாமே அம்மா என்றும் சொன்னார்.

காய்ச்சல் விட்டதும் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மேட்ரனம்மா கடிந்துகொள்ளவில்லை. லூர்துமேரியின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பல் போயிடுச்சா? சரி, போகுது. காய்ச்சல் யாருக்குத்தான் வராது? ரெண்டு மூணு நாள் தாமதம் ஒண்ணும் பெரிசில்ல. உன் கட்டில் அப்படியே இருக்கு. உள்ள போயி பெட்டிய வெச்சுட்டு வா."

லூர்துமேரி பெட்டியைத் தூக்கினாள். ராயப்பன் கைகூப்பினான். அவன் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. இத்தனை நல்ல மனுஷியிடம் சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. மகள் சுத்தமானவள், இனி அவளால் எந்தத் தொல்லையும் வராது என்று உறுதி சொல்ல விரும்பினான்.

"இனிமே ஒரு பேஜாரும் இல்லீங்கம்மா. டாக்டரு பல்ல எடுத்தாரு. அதுக்கு முந்தியே புழுவையும் எடுத்தாச்சுங்க. மூணு புழு. நானே பாத்தேன்."

மேட்ரனம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"புழுவா? யாரு எடுத்தா?"

"முனியம்மான்னு ஒரு பொம்பளைங்க. கெட்டிக்காரி. ஊசிய வெச்சுத் தட்டி, வெள்ளியப் பேத்துட்டு, புகை போட்டு எடுத்துச்சுங்க."

மேட்ரனம்மா லூர்துமேரியின் பக்கம் திரும்பினார். "நீ ஒத்துக்கிட்டுத்தான் வாயத் திறந்தியா?"

"ஆமாங்க."

"புழுவைப் பார்த்தியா?"

அது விதை என்று சொல்லியிருக்கலாம். அப்பா பெருமையோடு தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தான். அவன் முகத்துக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? அன்றைக்குப் பார்த்ததும் நிஜம். நம்பியதும் நிஜம்.

"பாத்தேங்க" என்றாள்.

மேட்ரனம்மா நாற்காலியில் போய் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"இங்க வர்ற பொம்பளைங்க பாதிப்பேரு இப்படி எவகிட்டயாவது போயிட்டு, உசிரு ஊசலாடும்போது வர்றவங்க. பொறந்த பிள்ளை கொப்பூழ்ல சாணியத் தடவி எடுத்துக்கிட்டு வருவாங்க. அவங்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் உங்களை எடுக்கறேன். நீயே வாயத் திறந்து காட்டிட்டு வந்து நிக்கிறே. உன்னை நம்பி நான் எப்படி ஒரு பிள்ளைத்தாச்சிய விடறது?"

லூர்துமேரிக்குச் சொல்ல நிறைய இருந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னார்கள், இப்போது எல்லாம் தெரியும், கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. பிடுங்கிய இடம் வலித்தது. பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள்.

அந்தக் கட்டிலுக்கு வேறொரு பெண்ணுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் ராயப்பன் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டான். "நல்லாத்தான பேசிக்கினு இருந்தாங்க? கட்டில் இருக்குதுன்னாங்களே? திடீர்னு இன்னா ஆச்சு?" என்று அவளைக் கேட்டான். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான். மறுபடி அவளைக் கேட்டான். "நான் ஒண்ணும் தப்பாப் பேசலியே மேரி?"

"நீ பேசினதுதாம்பா" என்றாள் லூர்துமேரி. அவனுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. இரக்கமும் இல்லை. திண்டிவனம் பஸ் வந்ததும் முதல் ஆளாக ஏறிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் அம்மாவோடு மண்டிக்கு மல்லாட்டை உடைக்கப் போனாள். நர்சம்மா என்று அங்கே பேர் வைத்துவிட்டார்கள். நர்சம்மா, முதுகு சொறியுது, மருந்து கொடு என்பார்கள். வீரம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மூன்று புழுவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேட்ரனம்மாவுக்கு யாரோ பணம் கொடுத்து இடத்தைப் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னாள்.

இரண்டு வருஷம் கழித்து, மண்டியில் தராசு பிடிக்கிற பச்சைமுத்து விழுப்புரத்தில் பல் அடைத்துக்கொண்டு வந்தார். நாலாம் நாள் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முனியம்மாளை வரச்சொல்லவா என்று வீரம்மாள் கேட்டாள்.

லூர்துமேரி எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, சும்மா இருக்கறப்ப வலிக்குதா, கடிச்சா வலிக்குதா?"

"கடிச்சாத்தாம்மா. தண்ணி பட்டாலும் கூசுது."

"கூசறது தானாப் போயிடும். கடிச்சா வலிக்குதுன்னா வெச்சது ஒசரமா இருக்குது. யாரும் கை வெக்க வுடாதீங்க. நாளைக்கே டாக்டர்கிட்டப் போயி, ஒசரமா இருக்குதுன்னு அந்த வார்த்தையச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க, கூட வர்றவங்கள வுட்டு சொல்லாதீங்க. கோவிச்சுக்கமாட்டாரு."

பச்சைமுத்து போனார். மறுநாள் மண்டிக்குள் நுழையும்போதே வாயெல்லாம் பல்லாக வந்தார். மூட்டைக்காரர்களும் மல்லாட்டைப் பெண்களும் சுற்றிக்கொண்டார்கள்.

"ஒரு மைத்தாளக் கடிக்கச் சொன்னாரு. கர்ர்னு ஒரு தடவ தேச்சாரு. எழுந்திருன்னாரு. அவ்ளோதான்! பீடி பத்த வெக்கிற நேரம்கூட ஆவல." நின்று, லூர்துமேரியின் பக்கம் கையை நீட்டினார். "இந்த அல்ப விசயத்துக்குப் போயி, நர்சு வேலையையே கோட்டை வுட்டுட்டு வந்துச்சு பாரு இந்தப் பொண்ணு!"

மண்டி முழுக்கச் சிரித்தது. வீரம்மாள்கூடச் சிரித்தாள். மூட்டைமேல் சாய்ந்திருந்த ராயப்பன் எழுந்து வெளியே போனான்.

"நர்சம்மா, எனக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று ஒரு வண்டிக்காரன் அவள் முகத்துக்கு நேரே வந்து வாயைப் பிளந்து காட்டினான். மறுபடியும் சிரிப்பு.

மேல்வரிசையில் இரண்டு பற்களுக்கு நடுவே, கடுகளவு கறுப்புப் புள்ளிகள் இரண்டு இருந்தன. இப்போது போனால் சுலபமாக அடைத்துவிடலாம். லூர்துமேரி அதைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.